படத்தில் இருக்கும் மல்லிகைக்கு வாசம் உண்டா? ஐம்புலன் பாடத்தைக் கையால் ஏன் நடத்த வேண்டும்

எல்.கே.ஜி. முதல் ஒன்றாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியிலும் தப்பாமல் வரும் பாடம் ஒன்று உண்டு. கண் பார்க்கும், காது கேட்கும், மூக்கு நுகரும், நாக்கு சுவைக்கும், தோல் தொடுவதை உணரும். ஐந்து படங்கள், ஐந்து வார்த்தைகள். கோடு போட்டு இணைக்கணும், கலர் அடிக்கணும். முடிந்தது பாடம். வகுப்பில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து.

எல்லோருக்கும் பத்துக்குப் பத்து கிடைக்கும் பாடத்தில் யார் என்ன கற்றார்கள்? வடபழனி முருகன் கோயில் பக்கம் குடியிருக்கும் நாலு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கடை மல்லி, கற்பூரம், திருநீறு, பஞ்சாமிர்தம், கோயில் மணி, நூறடிச் சாலையின் ஹார்ன் சத்தம், தலைக்கு மேலே போகும் மெட்ரோ ரயில் என எல்லாமே அதற்குத் தினமும் பழக்கம். மூக்கால்தான் முகர்கிறோம் என்பதை அந்தக் குழந்தைக்கு ஒர்க்‌ஷீட் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் இந்தப் பாடம் எதற்கு? இரண்டு காரணங்கள். ஒன்று, உணர்வதைக் கவனிக்கவும், ஒப்பிடவும், வார்த்தையில் சொல்லவும் பழக்குவது. இரண்டாவது, அதிகம் பேசப்படாதது: எந்தக் குழந்தைக்குப் பார்ப்பதிலோ கேட்பதிலோ சிரமம் இருக்கிறது என்பது வெளியே தெரியவரும் முதல் இடமாக இந்தப் பாடம் இருக்க முடியும். படத்தை இணைக்கும் பயிற்சியில் இந்த இரண்டுமே நடக்காது.

*தமிழுக்குப் புதிதல்ல*

புலன்களை வைத்து உலகைப் பார்ப்பது நமக்குப் பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டே வரிசைப்படுத்துகிறது. தொடுஉணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும் ஓரறிவு. அதோடு சுவை சேர்ந்தால் இரண்டு, மணம் சேர்ந்தால் மூன்று, பார்வை சேர்ந்தால் நான்கு, கேள்வி சேர்ந்தால் ஐந்து. மனமும் சேர்ந்தால் ஆறறிவு.

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். அது தொடுவதில் தொடங்குகிறது. நம் வகுப்பறைப் பாடமோ கண்ணில் தொடங்கி, பெரும்பாலும் கண்ணிலேயே முடிந்துவிடுகிறது. ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு இது இன்னும் மோசம். மல்லிகையைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டலாம், வாசத்தைக் காட்ட முடியாது.

*அடையாறுக்கு வந்த மாண்டிசோரி*

கையால் தொட்டுக் கற்பது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலியைச் சேர்ந்த இந்த மருத்துவர், பிரம்மஞான சபையின் அப்போதைய தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன் பேரில் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். சில மாதங்கள் தங்க வந்தவரை இரண்டாம் உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், அவரும் மகன் மாரியோவும் ஆங்கிலேய அரசுக்கு ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். 1946 வரை அவர் இந்தியாவில்தான் இருந்தார். அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில்.

அவருடைய முறையில் புலன்களுக்கென்றே தனியாகப் பொருட்கள் உண்டு. அவற்றில் இருக்கும் சூட்சுமம் எளிமையானது. ஒரு பொருளில் ஒரே ஒரு குணம் மட்டும்தான் மாறும். பிரபலமான இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கட்டைகள் இருக்கும். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று. அளவு மட்டும் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை மாறும். குழந்தையின் கவனம் வேறு எங்கும் போகாது, பெரிது சிறிதில்தான் நிற்கும்.

இன்று மாண்டிசோரி என்ற பெயர் எத்தனையோ பள்ளிகளின் போர்டில் இருக்கிறது. பெயர் இருக்கும் இடத்தில் எல்லாம் இந்த முறையும் இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம். அதேசமயம், இதற்கு விலை உயர்ந்த மரக்கட்டைகள்தான் வேண்டும் என்பதில்லை. ‘ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்’ என்ற விதி போதும்.

*மாநகராட்சிப் பள்ளிகள் காட்டிய வழி*

இதெல்லாம் பணக்காரப் பள்ளிக்கு மட்டும்தான் என்று நினைத்தால், அது தவறு. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் முன்னெடுத்த முயற்சி அது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவம் அதற்கு அடிப்படை. பாடநூலுக்குப் பதில் அட்டைகள் வந்தன. கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கி வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவடைந்தது.

பிறகு 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, கைப்பொருட்கள் வழியே கற்பிப்பதுதான் அதன் வடிவம். ஆக, செய்து கற்கும் முறை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழக்கமானது. அங்கிருந்து தனியார் பள்ளிகள் கற்றுக்கொள்ளவும் விஷயம் இருக்கிறது.

*வகுப்பில் என்னென்ன செய்யலாம்?*

வீட்டுச் சமையலறையும் பக்கத்துத் தெருவும் போதும்.

தொடுதல்: ஒரு துணிப்பையில் பஞ்சு, தேங்காய் நார், கூழாங்கல், சாவி, ஸ்பூன். பார்க்காமல் கையை விட்டு, எடுக்காமலே சொல்லணும். “சாவி” என்று பெயர் சொன்னால் பாதிதான். “எப்படி இருக்கு?” என்று கேட்டால்தான் வழவழ, சொரசொர, பிசுபிசு என்று வார்த்தைகள் வரும். இரட்டைக்கிளவி என்று பின்னாளில் இலக்கண வகுப்பில் படிக்கப்போவதை இங்கே விரல் நுனியில் பிடித்துவிடலாம்.

கேட்டல்: ஒரே மாதிரி ஆறு டப்பாக்கள். இரண்டில் அரிசி, இரண்டில் துவரம்பருப்பு, இரண்டில் கடுகு. மூடியை டேப் போட்டு ஒட்டிவிடணும். ஆட்டிப் பார்த்து ஜோடி சேர்ப்பதுதான் விளையாட்டு.

முகர்தல்: மல்லி, துளசி, மருக்கொழுந்து, சீரகம், காபித்தூள். எல்லாமே வடபழனி சந்நிதித் தெருவிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவை. துணியால் மூடிய கிண்ணத்தில் வைத்தால், கண் உதவிக்கு வராது.

சுவைத்தல்: சீனியும் தூள் உப்பும் பக்கத்துப் பக்கத்தில். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, நாக்குக்கு இல்லை. ஒரு புலன் ஏமாறும்போது இன்னொன்று உதவும் என்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியாது.

மூன்று பாத்திரம்: ஒன்றில் வெதுவெதுப்பான நீர், ஒன்றில் குளிர்ந்த நீர், நடுவில் சாதா நீர். ஒரு கை வெதுவெதுப்பில், ஒரு கை குளிரில். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் நடுப்பாத்திரத்தில் விட்டால், ஒரு கைக்கு அதே தண்ணீர் ஜில்லென்று இருக்கும், இன்னொரு கைக்குச் சூடாக இருக்கும். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 17-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த சோதனை இது. “எந்தக் கை சொல்றது உண்மை?” என்று கேட்டுவிட்டு மிஸ் சும்மா இருந்தால் போதும். வகுப்பே பேசும்.

செய்து பார்க்கும் பாடம் தப்பான தகவலையும் திருத்திவிடும். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பிரித்துக் காட்டும் வரைபடம் பல புத்தகங்களில் வந்திருக்கிறது. அது சரியல்ல. சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவையையும் உணரும். நம் அறுசுவையில் ஒன்றான காரம், அறிவியல் கணக்கில் சுவையே இல்லை. அது சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகள் தரும் எரிச்சல். மிளகாயில் உள்ள கேப்சைசினை வைத்து அந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், தொடுஉணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படபூட்டியனுடன் சேர்ந்து 2021-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

*பாடத்தின் நிஜமான பயன்*

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருக்கும் குழந்தை, “எனக்குச் சரியா தெரியல” என்று சொல்லாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியதால், உலகமே அப்படித்தான் என்று அது நினைக்கும். நல்ல கண் வேலையைப் பார்த்துக்கொள்வதால் பெற்றோருக்கும் தெரியாது. இப்படிப் பயன்படாத கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிடுவதைத்தான் ‘சோம்பேறிக் கண்’ என்கிறார்கள். ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். தாமதமாகத் தாமதமாக, பலன் குறையும்.

காதும் அப்படித்தான். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். அப்போது கேட்கும் திறன் குறையும், பிறகு சரியாகும், மறுபடி குறையும். வகுப்பில் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் பட்டம்: “சொன்ன பேச்சு கேக்காது”.

கையால் செய்யும் பாடத்தில் இது கண்ணில் படும். ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்க்கும் விளையாட்டில், ஒரு பக்கம் மூடும்போது மட்டும் ஒரு குழந்தை கையைத் தட்டிவிடும். படம் தூரத்தில் இருந்தால் தலையைச் சாய்க்கும், கண்ணைச் சுருக்கும். பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொன்னால் திரும்பாது. டப்பா விளையாட்டில் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். இவை நோய் என்று முடிவு கட்ட ஆசிரியர் மருத்துவர் இல்லை. ஆனால், பெற்றோரிடம் “ஒருதடவை டாக்டர்ட்ட காட்டிடுங்களேன்” என்று சொல்ல இது போதுமான காரணம்.

அரசுத் தரப்பில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். பார்வை, கேட்கும் திறன் இரண்டும் அந்தப் பரிசோதனையில் உண்டு. தனியார் மழலையர் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. வடபழனி போன்ற பகுதியில் ஏராளமான குழந்தைகள் படிப்பது அங்கேதான். அந்தக் குழந்தைகளுக்கு, கவனிக்கத் தெரிந்த ஆசிரியர்தான் முதல் வாசல். சந்தேகம் வந்தால் போவதற்கு 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இதே நகரில்தான் இருக்கிறது.

*நேரம் எங்கே இருக்கு?*

ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு டப்பாவும் பையும் எப்படிக் கையாள்வது? சிலபஸை எப்போது முடிப்பது? நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது? ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும், செயலியில் மதிப்பெண் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் குறை சொல்லியிருக்கின்றன. செயல்பாடு கூடும்போதெல்லாம் பதிவேடும் கூடினால், எந்த நல்ல முறையும் தளர்ந்துபோகும்.

இதற்குப் பதில், ஐந்து புலனையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் இருப்பது. வாரத்துக்கு ஒரு புலன், ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைகள், இருபது நிமிடம். மற்றவர்கள் வழக்கமான வேலையைச் செய்யலாம். ஐந்து வாரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொரு புலனிலும் ஆசிரியர் அருகிலிருந்து பார்த்துவிடுவார். குறிப்பு எழுத ஒரே ஒரு தாள், சந்தேகம் வந்த பெயர்கள் மட்டும். பள்ளி நிர்வாகம் செய்ய வேண்டியது, அந்த இருபது நிமிடத்தை நேர அட்டவணையில் ஒதுக்குவது.

சில எச்சரிக்கைகளும் தேவை. ருசி பார்க்க வைக்கும் முன் ஒவ்வாமை உண்டா என்று வீட்டில் கேட்கணும். கடலை, கடுகு, மணி போன்றவை மூக்குக்கோ காதுக்கோ போகாதபடி மூடியே இருக்கணும். கண்ணைக் கட்டுவதற்குப் பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சில குழந்தைகளுக்குச் சத்தமோ பிசுபிசுப்போ தாங்காது, அது அடம் இல்லை. பார்வையோ கேள்வியோ இல்லாத குழந்தை வகுப்பில் இருந்தால், அந்தக் குழந்தையை ‘உதாரணம்’ ஆக்கக் கூடாது. துணிப்பை விளையாட்டில் முதலில் ஜெயிக்கப்போவது அந்தக் குழந்தையாகவே இருக்கலாம்.

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் “ஐம்புலன் பாடம் முடிந்ததா?” என்று கேட்க வேண்டாம். “என் பிள்ளை எப்படிப் பார்க்குது, எப்படிக் கேட்குது மிஸ்?” என்று கேளுங்கள். அதற்கு ஆசிரியரால் பதில் சொல்ல முடிந்தால், அந்த வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது.