தோட்டாவுக்கு ஒரு சட்டை

துப்பாக்கி என்றதும் விசையை இழுப்பதும் ‘டுமீல்’ சத்தமும்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு முந்தைய அரை நிமிடத்தை யாரும் யோசிப்பதில்லை. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை போர்வீரனின் உயிர் அந்த அரை நிமிடத்தில்தான் ஊசலாடியது.

அன்றைய துப்பாக்கிக்கு எல்லாமே வாய் வழியாகத்தான் போக வேண்டும். குழலை நிமிர்த்தி முதலில் கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக் குண்டு. பிறகு நீளக் கம்பியால் அடிவரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுடவும் இதே வேலை.

இதில் ஒரு சிக்கல். குண்டு குழலைவிடச் சின்னதாக இருந்தால் சுலபமாக உள்ளே இறங்கும். ஆனால், மருந்து வெடிக்கும்போது வாயு இடுக்கு வழியே தப்பிவிடும். பிரிட்டிஷாரின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் சுமார் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69 அங்குலம். குண்டு குழலுக்குள் அங்கும் இங்கும் இடித்துக்கொண்டு வெளியேறும். தூரத்தில் நிற்பவரைக் குறி பார்த்து அடிப்பது அதிர்ஷ்டம்தான்.

ரைஃபிள் வந்ததும் குறி தேறியது. குழலின் உட்புறம் திருகு திருகாக வெட்டிய பள்ளங்கள் குண்டைப் பம்பரம்போலச் சுழற்றி நேராக அனுப்பின. ஆனால், குண்டு அந்தப் பள்ளங்களை இறுக்கமாகப் பற்ற வேண்டுமே! இறுக்கமான குண்டை மேலிருந்து அடித்து இறக்குவதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான்.

இறங்கும்போது தளர்வு வேண்டும், கிளம்பும்போது இறுக்கம் வேண்டும். இந்த முரண்பாட்டுக்கு எளிய பதில், குண்டுக்கு ஒரு சட்டை மாட்டிவிடுவது.

18-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த ரைஃபிள்களில் இது பழக்கமானது. குண்டைச் சற்றுச் சிறிதாக வார்த்து, கொழுப்பு தடவிய துணித்துண்டில் பொதிந்து உள்ளே தள்ளினார்கள். துணி பள்ளங்களைப் பற்றிக் குண்டைச் சுழற்றும். வெளியே வந்ததும் தானாகக் கழன்று விழும். மருந்தின் தீ துணியையோ குண்டின் அடிப்பகுதியையோ எரித்துவிடாமல், இரண்டுக்கும் நடுவே கம்பளித் தக்கை வைப்பவர்களும் உண்டு. வாயு தப்பாமலும் அது அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பழைய வித்தை இன்னும் சாகவில்லை. வாய்வழித் துப்பாக்கி வேட்டைக்கென்றே தனிப் பருவம் ஒதுக்கும் மாநிலங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அங்கே இப்போது பிளாஸ்டிக் சட்டை. 0.50 அங்குலக் குழலில் 0.45 அங்குலத் தோட்டாவை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்காரவைத்து இறக்குகிறார்கள். வெளியே வந்ததும் கிண்ணம் இதழ் இதழாக விரிந்து பிரிந்துவிடும். இதன் பெயர் ‘சபோ’. பிரெஞ்சில் மரச்செருப்பு என்று அர்த்தம். ஆவடியில் தயாரான அர்ஜுன் டாங்கியின் 120 மி.மீ. பீரங்கி அம்புபோல் ஒல்லியான குண்டை எய்வதும் இதே சபோ முறையில்தான்.

துணியோ பிளாஸ்டிக்கோ, ஒரு விதி மாறாது. தோட்டா மருந்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் காலியிடம் இருந்தால் குழலே பிதுங்கலாம், வெடிக்கலாம். அதனால்தான் கெட்டிக்கும் கம்பியில் அளவுக்கோடு போட்டு வைக்கிறார்கள்.

ஆனால், குழலோடு பொருந்தினால் மட்டும் போதாது என்று காட்டிய ஒரு சட்டையும் உண்டு. அது காகிதச் சட்டை.

1853-ல் பிரிட்டன் உருவாக்கிய என்ஃபீல்டு ரைஃபிளுக்கு மருந்தும் தோட்டாவும் ஒரே காகிதப் பொட்டலத்தில் வந்தன. சிப்பாய் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, தோட்டாவைக் காகிதத்தோடு குழலில் தள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்க, காகிதத்தில் கொழுப்பு தடவியிருந்தார்கள். அது எந்த விலங்கின் கொழுப்பு என்று உறுதிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை.

1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் பேச்சு கிளம்பியது: ‘பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கிறதாம்!’ இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவருக்குமே அது வாயில் வைக்கக்கூடாத பொருள். பதறிப்போன கம்பெனி அதிகாரிகள், ‘மெழுகோ எண்ணெயோ, நீங்களே வாங்கித் தடவிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். ‘பல்லால் வேண்டாம், கையால் கிழியுங்கள்’ என்று பயிற்சியையும் மாற்றினார்கள். ‘ஒன்றும் இல்லையென்றால் ஏன் மாற்றுகிறார்கள்?’ என்று சந்தேகம்தான் வளர்ந்தது.

மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். ஏப்ரல் 8-ல் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24-ல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9-ல் அவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது. வரி, நாடு பறிப்பு, அவமதிப்பு என்று மூண்டிருந்த கோபம் எல்லாம் சேர்ந்துகொண்டது. 1858-ல் கம்பெனி ஆட்சியே முடிந்தது.

மீரட்டில் அன்று கொடுக்கப்பட்டவை புதிய தோட்டாக்களே அல்ல, வழக்கமான பழைய தோட்டாக்கள். ஆனால் அதற்குள் எதைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை.

காகிதம் குழலுக்குச் சரியாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தவர்கள், அதைக் கடிக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேன்மெழுகும் எண்ணெயும் முதல் நாளிலேயே கடையில் கிடைத்தன.