ஜன்னல் ஓரம் யாருக்கு?

ரெயில் நிற்பதற்குள், ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழுகிறது. துண்டு போட்டவருக்கே இடம்!

இப்படி முண்டியடித்து ஜன்னல் ஓரத்தைப் பிடிக்கிறவர், பிறகு என்ன செய்கிறார்?

வண்டி புறப்பட்டதும் தூங்குகிறார். இல்லாவிட்டால் செல்போனைப் பார்க்கிறார். பக்கத்தில் இருக்கும் சிறுவனுக்கோ, எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது!

இது நியாயமா?

காசு கொடுத்தும்...

விமானத்தில் ஜன்னல் ஓரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கும் கம்பெனிகள் உண்டு. எந்தப் பக்கம் வேண்டும் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுத்தும் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இறக்கைக்கு நேராக இடம் கிடைத்தால், கீழே உள்ள ஊர் தெரியாது. இறக்கைதான் தெரியும்!

கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு ரெயிலில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சுமார் 40 கிலோ மீட்டர் தூரம்தான். சாதாரணப் பெட்டியில் ஜன்னலுக்குத் தனிக் காசு கிடையாது. எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரிந்தால் போதும்.

எந்தப் பக்கம்?

வண்டி தெற்கே போகிறது. இடது கைப் பக்கம் கிழக்கு. கடல் இருக்கும் திசை அது. வலது கைப் பக்கம் மேற்கு.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. 1781-ம் ஆண்டு ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய ஊர் இதுதான்.

அதைக் கடந்ததும் வெள்ளாற்றுப் பாலம். இடது பக்கம் இருப்பவர், ஆறு கடலைத் தேடிப் போவதைக் காணலாம்.

அடுத்தது கிள்ளை. அங்கிருந்து கிழக்கே போனால் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது, அலையின் வேகத்தைத் தணித்த காடு அது.

சிதம்பரம் நெருங்கும்போது வலது பக்கம் பார்க்க வேண்டும். வயல்வெளிக்கு அப்பால் நடராஜர் கோவில் கோபுரங்கள்! பெரிய கோபுரங்கள் 4. ஒவ்வொன்றும் 7 நிலை. இடது பக்கம் இருப்பவருக்கு, 1929-ம் ஆண்டு தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் திசை.

காலையில் போகிறவர்களுக்கு வலது பக்கமே நல்லது. கிழக்கு வெயில் முகத்தில் அடிக்காது. அந்த வெயில் கோபுரத்தின் மேல் விழும். மாலையில் என்றால் இடது பக்கம்.

எழுத்துக் கூட்டி...

ஜன்னல் ஓரம் ஒரு பள்ளிக்கூடமும் ஆகும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெரிய மஞ்சள் பலகை இருக்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது.

முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்ற பாட்டி, "ப... ர... ங்... கி..." என்று கூட்டுகிறார். அவர் முடிப்பதற்குள் வண்டி நகர்ந்து விடுகிறது. "பேட்டை!" என்று பேரன் முடித்து வைக்கிறான். பாட்டிக்கு எவ்வளவு மகிழ்ச்சி!

நடுவில் உட்கார்ந்தால் இந்தப் பாடம் கிடைக்குமா?

முறை போடலாம்

"முதலில் வந்தவருக்குத்தானே இடம்?" என்று கேட்கலாம். உண்மைதான். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு, தலை சாய்க்க ஓர் இடம் தேடி வருகிறவரும் உண்டு. அவரை எழுப்புவது பாவம்.

ஆனால், மற்றவர்கள் விட்டுக் கொடுக்கலாமே! "தம்பி, பையன் கொஞ்சம் பார்க்கட்டுமே" என்று தாய் கேட்டால், "வாடா குட்டி, இங்கே உட்கார்" என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும்? இரண்டு ஸ்டேஷனுக்கு ஒருவர் என்று முறை போடலாம். முதலில் குழந்தைகள். அடுத்து முதியவர்கள்.

குழந்தை கையையோ தலையையோ வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு.

பள்ளிப் புத்தகத்தில் வெள்ளாறு ஒரு கோடு. பாலத்தின் மேல் இருந்து பார்த்தால்தான் அது ஆறு. அந்த ஆற்றையும், அந்தக் காட்டையும் நாளைக்குக் காப்பாற்ற வேண்டியவர்கள் இன்றைய பிள்ளைகள். பார்க்காத ஒன்றை யார் காப்பாற்றுவார்கள்?

துண்டை எடுங்கள். பிள்ளைக்கு இடம் விடுங்கள்!