வெந்தயம் தட்டிச் செல்லும் பெயர்

மாதவிலக்கு முடிந்து பத்து நாள் கழித்து உள்ளாடையில் ஒரு சொட்டுக் கறை தெரிந்தால் நம் வீடுகளில் முதல் தீர்ப்பு ‘சூடு’. ஊறவைத்த வெந்தயமும் மோரும் வந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் கறை தானாகவே நின்றுவிடுவதால், பெயரை வெந்தயம் தட்டிக்கொண்டு போகிறது. உண்மையில், கருமுட்டை வெளிப்படும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் சற்றே இறங்குவதால் சிலருக்குக் கருப்பையின் உட்படலம் லேசாகக் கசியும். கருத்தடை மாத்திரை தொடங்கிய முதல் 3 மாதங்களிலும், நடுவில் மாத்திரையை மறந்தாலும், காப்பர்-டி போட்ட புதிதிலும் இப்படிப் படுவதுண்டு. அதற்கெல்லாம் பதற வேண்டாம். சூட்டின் மேல் எனக்குள்ள கோபம் வேறு. தொற்று, தைராய்டு, கருப்பைக்குள் வளரும் சதை, ஏன், கருப்பை வாய்ப் புற்றுநோய்கூட இதே சொட்டாகத் தலைகாட்டலாம். அத்தனையையும் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. உறவுக்குப் பின் ரத்தம் படுவதை டாக்டரிடம் சொல்லக் கூசி, ‘வெள்ளை படுது’ என்று மாற்றிச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! மாதவிலக்கு நின்று 12 மாதம் கடந்த அம்மாவுக்கு மறுபடி ஒரு சொட்டுப் பட்டால், ‘இந்த வயசிலுமா?’ என்று சிரித்துவிட்டு விடுகிறோம். கட்டாயம் காட்ட வேண்டியதே அதைத்தான். நாள் தள்ளிப்போய், கறையோடு கடும் வயிற்றுவலியும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரு, கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். மற்றபடி, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே கறை பட்ட தேதியையும் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.