மாத்திரை இலவசம், பெயர் போடுவது யார்?

தோழர்களே, எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றையும் எதிர்க்க 2002இல் தொடங்கியது உலக நிதியம். மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடுகள் அதற்குப் பணம் போடுகின்றன. இம்முறை 1,800 கோடி டொலர் கேட்டார்கள். 2025 நவம்பரில் ஜொஹானஸ்பர்க்கில் கிடைத்த வாக்குறுதி 1,134 கோடிதான். அதற்கு முன்பே, தருவதாக ஒப்புக்கொண்ட உதவியிலும் வெட்டு விழுந்தது.

"எங்கேயோ நடக்கிற கணக்கு, நமக்கென்ன?" என்பீர்கள். இந்த நாட்டின் கதையையே பாருங்கள். 1934-35இல் மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியானார்கள். பிறகு வீடு வீடாக மருந்தடித்து, 1963இல் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் போய்விட்டது என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் காய்ச்சல்! மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைக்க 2016 ஆனது. அந்தக் கடைசிக் கட்டத்தில் உலக நிதியத்தின் பணமும் இருந்தது. இப்போது கையை இழுத்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரியாதா? தெரியும்.

நமது லயங்களுக்குக் கிட்ட இருப்பது காசநோய். காற்றில் பரவுவது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பறை, அடுப்புப் புகை, அதற்குள் ஆறேழு பேர் உறக்கம். கிருமிக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்?

மாத்திரை இலவசம்தான். ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டும். ஆனால் கிளினிக் போன நாளுக்குப் பெயர் விழாது. எங்கள் வகுப்புப் பிள்ளையொன்றின் தகப்பன், இருமல் நின்றதும் இரண்டாம் மாதமே கிளினிக்கை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "ஒரு பெயர் போனா அரிசி போகுது சேர்" என்றார். அவருக்குப் பொறுப்பில்லை என்றது தோட்ட நிர்வாகம். பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகிவிட்டால், பிறகு அதை அடக்கும் மருந்து பல மடங்கு விலை. அந்தக் கணக்கை நிர்வாகம் போடுவதில்லை.

கிளினிக் நாளுக்கு முழுப் பெயர் வேண்டும். காற்று வரும் வீடு வேண்டும். வெளிநாட்டுப் பணம் குறைகிற இடத்தை அரசாங்கம் வரவு செலவுத் திட்டத்தில் நிரப்ப வேண்டும். இது யாரிடமும் கேட்கும் தருமம் அல்ல; டொலர் கொண்டுவரும் கொழுந்தைப் பறிப்பது நாம்தானே.

கிளினிக் போனதற்காகப் பெயர் வெட்டப்பட்டவர்கள் கிளினிக் கார்டையும் அந்த மாதச் சம்பளத் துண்டையும் உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அவற்றை அடுக்கி வைப்போம்.