தலைக்கு மூன்று டாலர்கூட இல்லை!

பிலிப்பைன்ஸ் மக்களுக்கு அமெரிக்கா சுதந்திரத்தை மனமுவந்து 'கொடுத்தது' என்று எழுதும் பேனாக்கள் இன்னும் ஓயவில்லை. பள்ளிக்கூடம் கட்டினானாம், ஜனநாயகம் கற்றுக் கொடுத்தானாம், 1946 ஜூலை 4ந் தேதி கொடியை இறக்கிக் கொண்டு போனானாம். எப்பேர்ப்பட்ட தயாளன்! இந்தத் தயாளனின் கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம், தோழர்களே.

அந்தத் தீவுகளில் ஸ்பெயின்காரன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். நல்ல விளைநிலமெல்லாம் பாதிரி மடங்களின் கையில். உழுதவனுக்குக் குத்தகைப் பாக்கிதான் மிச்சம். 1892ல் மணிலாவின் தோண்டோ பகுதியில் கட்டிபுனான் என்ற ரகசியச் சங்கம் பிறந்தது. அதை அமைத்தவர் ஆண்ட்ரெஸ் பொனிபாசியோ. கைத்தடியும் காகித விசிறியும் விற்றுப் பிழைத்தவர், பிறகு கிடங்குச் சிப்பந்தி. பட்டதாரியல்ல, பண்ணையாரும் அல்ல. 1896 ஆகஸ்டில் அவரும் தோழர்களும் ஸ்பானிய சர்க்காரின் வரிச்சீட்டைக் கிழித்தெறிந்து ஆயுதம் ஏந்தினார்கள். மறு ஆண்டே, 1897 மே 10ல், பொனிபாசியோ சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் ஸ்பெயின்காரன் அல்ல. புரட்சித் தலைமையைக் கைப்பற்றிய அகினால்டோவின் ஆட்கள்! வசதி படைத்தவர்கள் தலைமைக்கு வந்தால் முதல் குண்டு யார் மார்பில் பாயும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1898ல் அமெரிக்கா ஸ்பெயின் மீது யுத்தம் தொடுத்தது. ஜூன் 12ந் தேதி பிலிப்பைன்ஸ் மக்கள் சுதந்திரப் பிரகடனம் செய்துவிட்டார்கள். மணிலாவைச் சுற்றி முற்றுகையிட்டு நின்றதும் அவர்கள் படைதான். அப்போது நடந்தது ஒரு நாடகம். ஸ்பானிய அதிகாரியும் அமெரிக்க அதிகாரியும் முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டு, ஆகஸ்ட் 13ந் தேதி ஒப்புக்குப் பீரங்கி வெடித்து, ஒப்புக்குச் சரணடைந்தார்கள். சொந்தத் தலைநகருக்குள் பிலிப்பைன்ஸ் படை நுழையக்கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு! டிசம்பரில் பாரிசில் ஒப்பந்தம். இரண்டு கோடி டாலருக்குத் தீவுகள் கைமாறின. 1903ல் எடுத்த குடிக்கணக்கு 76 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு மூன்று டாலர்கூடத் தேறாது. சந்தையில் மாடு வாங்குகிறவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். இங்கே அதுவும் இல்லை.

வாங்கிய சரக்கு எதிர்த்து நின்றது. 1899 பிப்ரவரியில் யுத்தம் மூண்டது. பிடிபட்டவன் வாயில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, உப்பிய வயிற்றை மிதித்து வெளியேற்றுவார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்கு வைத்த பெயர் 'தண்ணீர் வைத்தியம்'! 1901ல் பலாங்கிகா கிராமத்து மக்கள் அங்கு முகாமிட்ட அமெரிக்கப் படையைத் தாக்கினார்கள். பழிக்குப் பழியாக, ஸமார் தீவையே பாலைவனமாக்கு, பத்து வயதுக்கு மேற்பட்டவனைக் கொல் என்று தளபதி ஸ்மித் உத்தரவிட்டான். இவனுக்குக் கிடைத்த தண்டனை? ஒரு கண்டனமும் ஓய்வும். யுத்தத்திலும் பஞ்சத்திலும் நோயிலும் மாண்ட சாதாரண ஜனங்கள் இரண்டு லட்சம் வரை என்று அமெரிக்க அயல்துறை இலாகாவின் சரித்திரப் பிரிவே எழுதி வைத்திருக்கிறது.

பிடிபட்ட அகினால்டோ 1901ல் அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். செய்யாதவர் மக்காரியோ சாக்காய். நாவிதராகவும் தையற்காரராகவும் வேலை பார்த்த பழைய கட்டிபுனான் வீரர். 1902க்குப் பின் துப்பாக்கி தூக்கியவர் எல்லாம் 'கொள்ளைக்காரர்' என்று சட்டம் வந்தது. மன்னிப்பு உண்டு என்று ஆசை காட்டிச் சாக்காயை வரவழைத்து, 1907 செப்டம்பர் 13ல் தூக்கிலிட்டார்கள்.

இனி 1946க்கு வருவோம். கொடியை இறக்கிய கை வெறுங்கையாகத் திரும்பவில்லை. சுரங்கத்திலும் காட்டிலும் நிலத்திலும் அமெரிக்க முதலாளிக்குச் சம உரிமை கொடு, நாணயத்தை டாலரோடு கட்டு என்றது பெல் சட்டம். சம உரிமைக்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. பார்லிமெண்டில் அதை எதிர்க்கக் கூடியவர்கள், மத்திய லூசோன் விவசாயிகள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஜனநாயகக் கூட்டணியின் ஆறு பேர். ஜப்பானியனை எதிர்த்துப் போரிட்ட ஹுக் படைத் தலைவர் லூயி தாருக் அவர்களில் ஒருவர். ஆறு பேரையும் சபையில் உட்காரவே விடவில்லை. திருத்தம் நிறைவேறியது. மறு ஆண்டு ராணுவத் தளங்களும் 99 வருஷக் குத்தகைக்குப் போயின.

குத்தகைக் காலம் பிற்பாடு குறைக்கப்பட்டது. 1991 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 வாக்கில் புது ஒப்பந்தத்தை நிராகரித்தது. மறு ஆண்டு நவம்பரில் கடைசி அமெரிக்கப் படையினர் சூபிக் துறைமுகத்தைவிட்டுப் போனார்கள். 2014ல் வேறொரு ஒப்பந்தம் எழுதி, பிலிப்பைன்ஸ் ராணுவ முகாம்களுக்குள்ளேயே மறுபடி இடம் பிடித்துக் கொண்டார்கள்.