தெருமுனை மதுக்கடையும் தெருவாசியின் வோட்டும்

அயல்நாடு சென்று திரும்பும் நம்மவர் சிலர் சமீப காலமாக ஒரு புதிய ஏக்கத்தைச் சுமந்து வருகின்றனர். அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தின் தெருமுனையில் சிறியதொரு மதுக்கடையைக் கண்டோம் என்கின்றனர். அலமாரிகளில் நூற்றுக்கு மேற்பட்ட வகை பீர். கறுத்தது, வெளுத்தது, கசப்பு மிகுந்தது, கோதுமையில் காய்ச்சியது என்று இனம் பிரித்து அடுக்கியிருந்ததாம். எது எந்த ஊர்ச் சரக்கு, எது கடுமை குறைந்தது என்று கடைக்காரரே பொறுமையாக எடுத்துச் சொன்னாராம். பெண்களும் கூச்சமின்றி வந்து போயினர். வாசலில் விழுந்து கிடப்பார் எவருமில்லை. "நம் ஊர்க் கடையோ கம்பிக் கூண்டு. கேட்டது கிடைப்பதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். அப்படிப்பட்ட கடைகளை நம் சர்க்காரும் ஏன் ஏற்படுத்தலாகாது?" என்பது இவர்கள் கேள்வி.

மதுவிலக்கே இந்நாட்டுக்கு உகந்தது என்ற கொள்கையில் நாம் உறுதியுள்ளவர்கள். ஆயினும் இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அந்த அமெரிக்கக் கடை அவ்வாறு அமைந்ததற்கும், நம் கடை இவ்வாறு அமைந்ததற்கும் தக்க காரணங்கள் உண்டு. அவற்றைத் துருவிப் பார்த்தால், நண்பர்கள் கேட்க மறந்த வேறொரு கேள்வி முன்வந்து நிற்கும்.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே 1920 ஜனவரியில் தேசமெங்கும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1933 டிசம்பரில் அது ரத்தாயிற்று. ரத்துச் செய்த அதே அரசியல் திருத்தம், மது விஷயத்தில் விதி செய்யும் அதிகாரத்தை அந்தந்த ராஜ்யத்துக்கு விட்டது. மதுவிலக்குக்கு முந்திய காலத்தில் பீர் ஆலை முதலாளிகள் தெருவுக்குத் தெரு தங்கள் பணத்தில் குடிசாலைகளை நிறுவி, எப்படியாவது விற்றுத் தீர் என்று கடைக்காரனை நெருக்கி வந்தனர். அந்தக் கேடு மீண்டும் தலைதூக்கலாகாது என்று, காய்ச்சுபவன் வேறு, மொத்த வியாபாரி வேறு, சில்லறைக்காரன் வேறு என்று பெரும்பாலான ராஜ்யங்கள் சட்டத்தால் பிரித்து வைத்தன. 1978 ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சிக்கொள்ள அனுமதித்தது. வீட்டில் கைப்பழக்கம் பெற்றவர் பலர் பிறகு சிற்றாலைகள் தொடங்கினர். அப்போது நாடு முழுவதிலும் நூற்றுக்கும் குறைவாயிருந்த பீர் ஆலைகள் இன்று 9,000க்கு மேற்பட்டுள்ளன. நம் நண்பர்கள் வியந்த அலமாரி நிறைந்த கதை இதுதான்.

ஆனால் அந்தக் கடையின் அஸ்திவாரம் அலமாரியில் இல்லை. கடை வேண்டுமா, வேண்டாமா என்று ஊரார் வோட்டளித்துத் தீர்மானிக்கும் உரிமை அந்நாட்டு ராஜ்யங்கள் பலவற்றில் இருக்கிறது. டென்னஸி ராஜ்யத்தில் மோர் என்றொரு ஜில்லா உண்டு. ஜாக் டானியல் என்ற உலகப் பிரசித்தி பெற்ற விஸ்கி அங்கேதான் வடிக்கப்படுகிறது. அந்த ஜில்லாவோ நெடுங்காலமாக மதுக்கடையை விலக்கிய ஜில்லா என்று பெயர் பெற்றது. பென்ஸில்வேனியாவில் சாராயக் கடைகளைச் சர்க்காரே நடத்துகிறது. அங்கும் ஊரார் வோட்டெடுத்துச் சர்க்கார் கடையையே விலக்கிவிடலாம். கடைக்காரன் தெருவாருக்கு அஞ்சி, அவர்கள் முகம் கோணாதபடி நடந்துகொள்வதன் இரகசியம் இதில் இருக்கிறது. தெருவாரின் சம்மதத்தில் நிற்கும் கடை அது.

இனி நமது கடைக்கு வருவோம். 1886 ஆம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டத்தின் காலம் முதல் வெள்ளைக்காரச் சர்க்கார் கள்ளையும் சாராயத்தையும் பொக்கிஷத்துக்குக் கறவைப் பசுவாக வைத்திருந்தது. 1921ல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றது அந்த ஏற்பாட்டை எதிர்த்தே. 1931 காந்தி - இர்வின் உடன்படிக்கையில், மதுவுக்கு எதிராகச் சாத்வீக மறியல் செய்யும் உரிமையை அந்நிய சர்க்காரே ஒப்புக்கொண்டது. 1937 அக்டோபர் 1ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது; நஷ்டமாகும் வருமானத்துக்கு ஈடாக 1939ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் கடைகள் மூடப்பட்டன.

அப்படி மூடிய கதவு 1971ல் திறந்தது, 1974ல் மூடியது, 1981ல் மறுபடி திறந்தது. 1983ல் மொத்த வியாபாரத்துக்கென்று தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், ஏற்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் ஏகபோகமாயிற்று. ஆக, மதுவைக் கொள்முதல் செய்பவர் சர்க்கார். மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்பவர் சர்க்கார். வரி விதிப்பவர் சர்க்கார். கடைக்கு இடம் குறிப்பவர் சர்க்காரின் கலெக்டர். குற்றம் பிடிப்பவர் சர்க்காரின் போலீஸ். இத்தனையும் நடப்பது எந்த இலாகாவின் கீழ் என்றால், பெயரிலேயே 'மதுவிலக்கு' என்ற சொல்லைத் தாங்கி நிற்கும் இலாகாவின் கீழ்! அமெரிக்கர் மூன்றாகப் பிரித்து வைத்ததை நாம் ஒன்றாக உருட்டி, அதன் தலையில் நீதிபதியின் தொப்பியையும் வைத்திருக்கிறோம்.

இதன் பலன் என்ன? 2015-16ல் மதுவினால் வந்த வருமானம் சுமார் 25,800 கோடி ரூபாய். 2016ல் ஏறக்குறைய 6,800 கடைகள் இருந்தன. 2016, 2017, 2023 ஆகிய வருஷங்களில் தவணைக்கு 500 கடைகள் வீதம் மூடப்படுவதாக அறிவிப்புகள் வந்தன. 2023 ஜூனில் எஞ்சியவை 4,829. கடை குறைந்தது, வருமானம் குறைந்ததா? 2024-25ல் அது 48,344 கோடியாக ஏறிற்று. விலையும் வரியும் உயர்ந்தது இதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எந்தக் கடையை மூடுவது, எதை விடுவது என்பதை விற்பவரே தீர்மானிக்கும்போது, பொக்கிஷத்துக்கு நோவு வராத இடம் பார்த்தே கத்தி விழும் என்று ஐயுறுவதில் என்ன தவறு?

சர்க்காரின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். 2017 ஜூலை 1ல் சரக்கு, சேவை வரி அமலுக்கு வந்தபின், ராஜாஜி ஏற்படுத்திய விற்பனை வரியின் பெரும்பகுதி மாநிலத்தின் கையை விட்டுப் போயிற்று. அந்த வரிக்கு வெளியே மாநிலத்துக்கு மிஞ்சியவற்றில் குடிமதுவும் பெட்ரோலும் முக்கியமானவை. பணம் தேட வேறு வழி சுருங்கிய சர்க்கார் புட்டியை இறுகப் பிடித்துக்கொள்வது வியப்பன்று. வியப்பில்லாத காரணத்தால் அது சரியென்றும் ஆகிவிடாது.

இப்போது தெருவாசியின் நிலையைப் பாருங்கள். கடை எங்கே வரலாம் என்பதற்கு 2003 ஆம் வருஷத்து விதிகள் ஓர் அளவுகோலைத் தந்துள்ளன. நகரங்களில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும். ஐம்பத்தோராவது மீட்டரில் குடியிருக்கும் குடும்பத்தாருக்கு வோட்டு இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து கடைகளை விலக்கச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு 2017 ஏப்ரலில் அமலானபோது, சாலையில் இருந்த கடைகள் ஊருக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் நுழைந்தன. பெண்கள் திரண்டு எதிர்த்தனர். திருப்பூர் ஜில்லா சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அதற்கு முன்பே, 2015 ஜூலை 31ல், கன்னியாகுமரி ஜில்லா உண்ணாமலைக்கடையில் ஒரே ஒரு கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் நீத்தார். ஒரு தெருக் கடையை எடுப்பதற்கு ஒரு மனிதர் உயிரைக் கொடுக்கும்படி நேர்ந்ததென்றால், அந்தத் தெருவுக்குச் சட்டத்தில் வாய் இல்லை என்றுதானே பொருள்?

வாய் கொடுக்க முடியாதா? பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மஹாராஷ்டிரத்தில் 2008 ஆம் வருஷத்து உத்தரவு ஒன்றின்படி, கிராமத்திலோ வார்டிலோ பெண் வோட்டர்களில் நாலில் ஒரு பங்கினர் மனுச் செய்தால் வோட்டெடுப்பு நடத்த வேண்டும். நிற்கும் புட்டி கடை வேண்டும் என்பதற்கு அடையாளம். சாய்ந்த புட்டி வேண்டாம் என்பதற்கு அடையாளம். பெண் வோட்டர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சாய்ந்த புட்டிக்கு வோட்டளித்தால் கடை மூடப்படும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் தன் தெருவின் விதியை இவ்விதம் தானே எழுதலாம்.

"கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும்" என்ற ஆட்சேபம் உடனே கிளம்பும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மெதனால் கலந்த சாராயம் குடித்து மாண்டனர். அந்தத் துயரத்தை எவரும் மறக்கவியலாது. ஆனால் அன்று சர்க்கார் கடைகள் திறந்தே இருந்தன என்பதையும் மறக்கலாகாது. கள்ளச் சாராயத்தை அடக்குவது விழிப்புள்ள ஊராரும் நேர்மையான போலீஸும் கூடிச் செய்ய வேண்டிய காரியம். தன் வோட்டினால் கடையை விலக்கிய ஊர், அதன் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்ட வருபவனைக் காட்டிக் கொடுக்கவும் துணியும். தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று கண்ட ஊர், எது நடந்தாலும் வாய்மூடி இருந்துவிடும்.

ஆகவே பீர் அலமாரியைக் கண்டு மயங்கி வந்த நண்பர்களுக்கு நாம் சொல்வது இது: கண்ணாடியும் விளக்கும் வைத்து, நூறு வகைப் புட்டிகளை அடுக்குவதற்குச் சர்க்காருக்கு ஒரு மாதம் போதும்; அதனால் கடையின் குணம் மாறாது. அமெரிக்காவிலிருந்து எதையேனும் கொண்டுவர வேண்டுமானால் அந்தத் தெருவாரின் வோட்டைக் கொண்டு வாருங்கள். குடிப்பவரும் குடியாதவரும் இதில் ஒன்றுபடலாம். மதுவிலக்குக்கு முயலுமாறு அரசியல் சாசனத்தின் 47 ஆவது ஷரத்து சர்க்காருக்குப் பணித்திருக்கிறது. முழு மதுவிலக்குக்குப் பொக்கிஷம் தடையென்று சொல்லும் சட்டசபை அங்கத்தினர்கள், ஒவ்வொரு வார்டும் கிராமமும் தன் கடையைத் தானே தீர்மானிக்கும் சட்டத்துக்கு என்ன தடை சொல்லப்போகிறார்கள்? கிராம சபைகளில் தீர்மானம் போட்டுக் களைத்துப்போன ஊழியர்கள் இந்த ஒரு கோரிக்கையைக் கையிலெடுத்து, வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலம் பதில் வாங்க வேண்டும். பதில் தர மறுப்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.