பாட்டியை நடக்க விடுங்கள்!

திருவண்ணாமலை, நடக்கிறவர்களின் ஊர். பௌர்ணமி வந்தால் போதும். லட்சக்கணக்கான மக்கள் வெளியூர்களிலிருந்து வந்து மலையைச் சுற்றுகிறார்கள். சுற்றுப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டபடி நடக்கிறார்கள்.

அதே ஊரில், அதே பாதையை இளமையில் எத்தனையோ முறை சுற்றிய பாட்டிகளும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்று தெரு முனைவரைகூடப் போவதில்லை. திண்ணையிலும் கட்டிலிலும் பொழுதைக் கழிக்கிறார்கள்.

எல்லோரையும் நோய் முடக்கிவிடவில்லை. பலரை முடக்கியிருப்பது பயம். விழுந்துவிடுவோமோ என்ற பயம்!

அந்தப் பயத்தை வளர்ப்பது யார்? பல வீடுகளில், பிள்ளைகளும் மருமகள்களும்தான். அதுவும் அன்பினால்!

"நீ எழுந்திருக்காதேம்மா, தண்ணி வேணும்னா கூப்பிடு" என்கிறான் மகன்.

"கோயிலுக்கெல்லாம் எதுக்கு அத்தே? இங்கேயே விளக்கேத்திக் கும்பிடுங்க" என்கிறாள் மருமகள்.

கேட்பதற்கு இனிமையான பேச்சு. ஆனால், இந்தப் பேச்சுதான் பெரியவர்களின் காலை மெல்ல மெல்லப் பறிக்கிறது.

உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும்?

உழாமல் போட்ட கலப்பை துருப்பிடிக்கும். காலும் அப்படித்தான். நடக்காத காலில் தசை மெலிகிறது. தொடையில் பலம் குறைகிறது. கணுக்கால் விறைத்துப் போகிறது.

மனிதன் தடுமாறாமல் நிற்பது சாதாரண வேலை அல்ல. கண், உட்காது, பாதம், மூளை எல்லாம் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. கால் இடறினால், மறு காலைச் சட்டென்று முன்னால் வைத்துச் சமாளிக்க வேண்டும். பழக்கம் விட்டுப்போனால் அந்தச் சமாளிப்பும் போய்விடும்.

ஆகவே பயந்தவர் உட்காருகிறார். உட்கார்ந்தவர் பலம் இழக்கிறார். பலம் இழந்தவர் ஒரு நாள் குளியலறைக்குப் போகும்போது விழுகிறார். பயம் இரண்டு மடங்காகிறது. செக்கு மாடு சுற்றுவதுபோல இது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

குடும்பத்தாரின் கவலையும் நியாயமானதுதான். இடுப்பெலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை, கடன். "பெற்றவளைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று உறவினர் பேசுவார்கள். உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விளையாட்டான விஷயம் அல்ல.

ஆனால், அதற்கு மருந்து உட்கார வைப்பதா? இல்லை!

80 வயதுப் பாட்டிகளின் பயிற்சி

நியூசிலாந்து நாட்டில் டுனிடின் என்று ஒரு நகரம். அங்கே 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை வைத்து டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1997-ல் வெளியானது.

ஒரு பாதிப் பேருக்கு, வீட்டிலேயே செய்யக்கூடிய கால் பயிற்சியும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் கற்றுக்கொடுத்தார்கள். நடக்கவும் சொன்னார்கள். மறு பாதிப் பேர் வழக்கம்போல இருந்தார்கள்.

ஓர் ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தார்கள். பயிற்சி செய்யாதவர்கள் 152 தடவை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 88 தடவைதான்!

பிறகு பல நாடுகளில் நடந்த 108 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியால் விழுவது நூற்றுக்கு 23 பங்கு குறைகிறது என்று 2019-ல் தெரிவித்தார்கள். 2014-ல் வந்த இன்னொரு தொகுப்பு, பயிற்சி முடிந்த கையோடு விசாரித்தபோது பயமும் ஓரளவு குறைந்திருந்தது என்று கூறியது. பலன் நிலைக்க வேண்டுமானால், பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும்.

தடி ஊன்றுவது கேவலமா?

"தடி ஊன்றினால் ஊர் சிரிக்கும்" என்று சில பெரியவர்கள் கூசுகிறார்கள். திருவண்ணாமலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1896-ல் இந்த ஊருக்கு வந்து, 1950-ல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர் ரமண மகரிஷி. முதுமையில் அவருக்கு முழங்காலில் வாதம். ஆனாலும், கைத்தடியை ஊன்றி மலைப் பக்கம் உலாவப் போனார். அவர் தடியோடு நிற்கும் படங்களை இன்றும் மக்கள் வீட்டில் மாட்டி வணங்குகிறார்கள். தடி வெட்கப்படும் பொருள் அல்ல. அது மூன்றாவது கால்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணில் புரை இருக்கிறதா? ரத்த அழுத்த மாத்திரையால் தலை சுற்றுகிறதா? பார்த்துச் சொல்வார். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் சென்று இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் ஒரு பகுதி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பிறகு பயிற்சி. சுவரோரம் அசையாத நாற்காலியைப் போட்டு, அதிலிருந்து மெதுவாக எழுந்து உட்காரலாம். ஐந்து தடவையில் தொடங்கலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம். பிடித்தபடியே பக்கவாட்டில் நாலு அடி நடக்கலாம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வலித்தால் நிறுத்த வேண்டும்.

வீட்டையும் சீர்படுத்த வேண்டும். குளியலறையில் பாசி கூடாது. சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும். இரவில் சிறு விளக்கு எரியட்டும். தேய்ந்த செருப்பைத் தூக்கி எறியுங்கள். படுக்கையிலிருந்து எழுபவர், சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

கால் சற்றுத் தேறியதும் வெளியே அழைத்துச் செல்லலாம். பௌர்ணமிக் கூட்டத்துக்குள் அல்ல. கூட்டமில்லாத ஒரு நாள் காலையில். 14 கிலோமீட்டரும் வேண்டாம். ஒரு லிங்கம் பார்த்துத் திரும்பினாலும் போதும். கோயில் வாசற்படியைத் தாண்டும்போது கையைக் கொடுங்கள். ஆனால், தூக்கிச் செல்லாதீர்கள். அடியை அவர்களே எடுத்து வைக்கட்டும்.

நடந்தால் விழவே மாட்டார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், உட்கார வைத்தால் கால் பலம் போகும், கோயில் போகும், பக்கத்து வீட்டுப் பேச்சுத் துணை போகும், கடைசியில் மனத் தைரியமும் போகும்.

பெற்றவர்களுக்குச் சோறு போடுவது பிள்ளைகளின் கடமை. அவர்களுடைய காலை முடக்காமல் இருப்பதும் கடமைதான். நாளைக் காலையில் பாட்டி எழுந்திருக்கும்போது, "உட்கார்" என்று சொல்லாதீர்கள். "வா, வாசல்வரை போய் வருவோம்" என்று கையை நீட்டுங்கள்.